வாடகை நின்னாலும் இ.எம்.ஐ நிற்காது! - முதல் வீட்டை வாடகைக்கு விடுறீங்களா... இதைப் படிச்சிடுங்க

டிசம்பர் மாதம். ராத்திரி பதினொன்றரை மணி. கோயம்புத்தூரில் தூங்கிக்கொண்டிருந்த என் அக்காவுக்கு ஒரு போன்.

"மேடம், பாத்ரூம் சீலிங்ல இருந்து தண்ணி கொட்டுது. சுவர்ல கை வெச்சா சுருக்குனு ஷாக் அடிக்குது. குழந்தையை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுனே தெரியல..."

பேசியவர், சென்னை மேடவாக்கத்தில் அக்கா லோன் போட்டு வாங்கி, வாடகைக்கு விட்டிருந்த ஃபிளாட்டில் குடியிருந்தவர். அக்காவுக்குத் தூக்கம் கலைந்ததே தவிர, சொல்ல ஒரு பதில்கூட இல்லை. பிளம்பர் நம்பர் கிடையாது. எலெக்ட்ரீஷியன் நம்பர் கிடையாது. மேல் வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது. அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பை மியூட்டில் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. "காலைல ஆள் அனுப்புறேங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

ஆள் போனது மூன்றாவது நாள். மேல் வீடு பூட்டிக்கிடந்தது, அதன் ஓனர் துபாயில். ஒழுகல் நிற்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் குடியிருந்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். "அடுத்த மாசம் காலி பண்றோம் மேடம். அட்வான்ஸை மட்டும் ரெடி பண்ணிடுங்க."

அக்காவுக்கு நிஜமாகவே ஷாக் அடித்தது அப்போதுதான். அவர்கள் கொடுத்த 75,000 ரூபாய் அட்வான்ஸ், ரெண்டு வருஷத்துக்கு முன்பே மாடுலர் கிச்சனாக மாறியிருந்தது. "கழுத்துச் செயினை அடகு வெச்சுத்தான் கொடுத்தேன். எழுதணும்னா எழுதிக்கோ, என் பேரை மட்டும் போட்டுடாதே" என்றாள். போடவில்லை.

இருபத்தெட்டு, முப்பது வயதிலேயே 'ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுட்டா போதும், அது பாட்டுக்கு வருமானம் வரும்' என்று பிளான் போடுகிறவர்கள் இப்போது நிறைய பேர். நீங்களும் அதில் ஒருவராக இருக்கலாம். தப்பே இல்லை. ஆனால், வாடகை வீட்டில் அவசரம் என்பது தனியாக வருவதில்லை. ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரிசையாக வருகிறது. குழாய் ஒழுகுகிறது, குடியிருப்பவர் கோபப்படுகிறார், காலி செய்கிறார், அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது, வீடு காலியாகக் கிடக்கிறது. அந்த மாதமும் அஞ்சாம் தேதி ஆனால் பேங்க்காரன் இ.எம்.ஐ-யை எடுத்துக்கொள்கிறான். இருபது ரூபாய் வாஷரில் ஆரம்பித்த விஷயம் அடகுக்கடையில் போய் முடியலாம்.

ஒரு பேப்பர், ஒரு பேனா எடுங்க

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 லட்சம் ரூபாய் லோன், 20 வருஷம், வட்டி 8.5 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இ.எம்.ஐ சுமார் 30,400 ரூபாய் வரும். புறநகரில் ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட், வாடகை 15,000 ரூபாய். ஆக, எல்லாம் ஒழுங்காக நடக்கும் மாதத்திலேயே 15,400 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகிறது. 'வீடே தன் கடனை அடைச்சுக்கும்' என்று புரோக்கர் சொன்னது பாதி உண்மை. சரியாகப் பாதிதான்!

இப்போது குடியிருப்பவர் காலி செய்கிறார். அடுத்த ஆள் வர ரெண்டு மாதம் ஆகிறது. வராமல் போன வாடகை 30,000 ரூபாய். திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ், ஐந்து மாத வாடகை என்றால் 75,000 ரூபாய். பெயின்ட், குழாய், சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் என்று வைப்போம். மொத்தம் 1,25,000. இது வழக்கமாக நீங்கள் கையிலிருந்து போடும் பணத்துக்கு மேல், கூடுதலாக வேண்டிய தொகை. இத்தனைக்கும் வெள்ளம் வரவில்லை, தீப்பிடிக்கவில்லை, கேஸ் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஒரு குடும்பம் வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த 1,25,000-ஐ இன்னொரு தடவை பாருங்கள். அதில் 75,000 உங்களுடைய செலவே இல்லை. அது ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்த, அடுத்தவருடைய பணம். அதைத் தொடாமல் வைத்திருந்தால், நீங்கள் புதிதாகத் தேட வேண்டியது வெறும் 50,000 ரூபாய்தான்.

அட்வான்ஸ் உங்க பணம் இல்லைங்க

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது ரொம்ப காலமாக இருந்த பழக்கம். அந்தப் பணத்தை ஓனர் என்ன செய்தார் என்று யாரும் கேட்டதில்லை. பொண்ணு கல்யாணத்துக்குப் போகும், மாடியில் இன்னொரு போர்ஷன் எழும்பும், பழைய குடித்தனக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைப் புதுக் குடித்தனக்காரரிடம் வாங்கிக் கொடுப்பார்கள். அந்தச் சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும் வரை பிரச்னை இல்லை. புது ஆள் வராத மாதம்தான் அது அறுந்து விழும்.

சட்டம் இதில் கொஞ்சம் தெளிவாகவே இருக்கிறது. 2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. "புது ஆள் வந்ததும் தர்றேன்" என்பது நம் ஊர் வசனம். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

அதனால் அட்வான்ஸ் வந்த அன்றே, அதைத் தனியாக ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். ஆப்பில் ரெண்டு நிமிஷ வேலை. தேவைப்படும்போது உடைத்து எடுக்கக்கூடிய டெபாசிட்டாக இருக்கட்டும், வரி சேமிப்புக்கான ஐந்து வருஷ டெபாசிட்டில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். வட்டி உங்களுக்கு, அசல் அவருக்கு. "சும்மா கெடக்குற பணம்தானே" என்று மியூச்சுவல் ஃபண்டிலோ ஷேரிலோ போடச் சொல்லும் நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், மூன்று மாத அட்வான்ஸோடு நிறுத்திக்கொள்வது குடியிருப்பவருக்குச் செய்யும் சலுகை மட்டும் இல்லை. ஓனருக்கும் அதுதான் பாதுகாப்பு. திருப்பித் தர வேண்டிய தொகை சின்னதாக இருந்தால், ஆபத்தும் சின்னதுதான்.

வீட்டுக்குன்னு ஒரு உண்டியல்

அட்வான்ஸ் தவிர, வீட்டுக்கென்று தனியாக ஓர் அவசர நிதி வேண்டும். உங்கள் வேலை போனால், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்று நீங்கள் வைத்திருக்கும் எமர்ஜென்சி ஃபண்ட் வேறு, இது வேறு. ரெண்டையும் ஒன்றாக வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? மோட்டார் காயில் கருகிய அதே மாதத்தில்தான் ஆஸ்பத்திரிச் செலவும் வரும்.

எவ்வளவு? குறைந்தபட்சம் மூன்று மாத இ.எம்.ஐ, அதோடு ஒரு பெரிய ரிப்பேருக்கான தொகை. மேலே போட்ட கணக்குப்படி சுமார் 90,000 ரூபாயும், கூட ஒரு 30,000 ரூபாயும். ஒரே நாளில் சேர்க்க முடியாதுதான். வாடகை வந்தவுடன் அதில் பத்தில் ஒரு பங்கை அந்தக் கணக்குக்கு ஆட்டோமேட்டிக்காகப் போகவிடுங்கள். வீடு வாங்கும்போதே, பதிவுச் செலவுக்கு அடுத்த வரியில் 'அவசரத்துக்கு 50,000' என்று எழுதி ஒதுக்கிவிட்டால் இன்னும் நல்லது. அந்த ஐம்பதாயிரத்தை ஒதுக்க முடியவில்லை என்றால், அந்த வீட்டை இப்போதைக்கு வாங்காமல் இருப்பதே மேல். கேட்க கசப்பாகத்தான் இருக்கும்.

கிரெடிட் கார்டு இருக்கே என்று நினைக்காதீர்கள். கட்டாமல் நிலுவை வைத்தால், பெரும்பாலான கார்டுகளில் மாதம் 3 சதவிகிதத்துக்கு மேல் வட்டி ஓடும். வேறு வழியே இல்லையென்றால் நகைக்கடன் அதைவிடப் பல மடங்கு பரவாயில்லை. அக்கா அந்த விஷயத்தில் சரியாகத்தான் செய்தாள்.

இன்னோர் அவசரம் சத்தமே இல்லாமல் வரும்: வட்டி உயர்வு. 2022 மே மாதம் 4 சதவிகிதத்தில் இருந்த ரெப்போ விகிதத்தை, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவிகிதத்துக்குக் கொண்டுபோனது ரிசர்வ் வங்கி. ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 35 லட்சம் ரூபாய்க்கு 20 வருஷக் கடனில், 6.5 சதவிகிதத்துக்கும் 9 சதவிகிதத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதம் கிட்டத்தட்ட 5,400 ரூபாய். பல வங்கிகள் இ.எம்.ஐ-யை ஏற்றாமல் தவணைக் காலத்தை நீட்டிவிட்டதால், நிறைய பேருக்கு அது தெரியவே இல்லை. வாடகையை நம் இஷ்டத்துக்கு நடுவில் ஏற்ற முடியாது. வட்டி மட்டும் நம்மைக் கேட்டுக்கொண்டா ஏறுகிறது?

கொரோனா காலம் ஞாபகம் இருக்கிறதா? 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, பேச்சுலர் பசங்க பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். சென்னை, பெங்களூரு ஐ.டி பகுதிகளில் வீடுகள் காலியாகக் கிடந்தன. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இ.எம்.ஐ-யைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. ஆனால், தள்ளிப்போட்ட மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அரசு கைகொடுத்தாலும் உங்கள் உண்டியலுக்கு அது மாற்று இல்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு யாரைக் கூப்பிடுவீங்க?

பணம் இருந்தும் ஆள் இல்லையென்றால் வேலைக்கு ஆகாது. அக்காவிடம் அன்றைக்குப் பணம் இருந்திருந்தாலும் பிளம்பர் நம்பர் இல்லை.

வீடு இருக்கும் ஏரியாவிலேயே ஒரு பிளம்பர், ஓர் எலெக்ட்ரீஷியன், ஒரு மோட்டார் மெக்கானிக், பூட்டுச் சாவி செய்பவர். இவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து வையுங்கள். ஆப்பில் புக் செய்துகொள்ளலாமே என்றால், சாதாரண நாளில் செய்யலாம். அடைமழை ராத்திரியில் ஆப் 'ஸ்லாட் இல்லை' என்று காட்டும். அந்த ஏரியாவிலேயே இருக்கும் பிளம்பர் அண்ணன் குடை பிடித்துக்கொண்டு வருவார். ஆனால் அவரை அதற்கு முன்பே ஒரு தடவையாவது வேலைக்குக் கூப்பிட்டு, பேரம் பேசாமல் காசு கொடுத்திருக்க வேண்டும்.

மேல் வீடு, கீழ் வீடு ஓனர்களின் நம்பர், அசோசியேஷன் செக்ரட்டரி நம்பர், வாட்ச்மேன் நம்பர் எல்லாம் அந்த லிஸ்ட்டில் இருக்கட்டும். ஃபிளாட்டில் தண்ணீர் ஒழுகல் என்பது பெரும்பாலும் உங்கள் வீட்டுப் பிரச்னையே இல்லை. மேலே இருப்பவரின் பாத்ரூம் தரைக்குக் கீழே ஓடும் குழாய்தான் காரணமாக இருக்கும். அவர் கதவைத் திறந்தால்தான் உங்களுக்கு விடிவு. மியூட்டை எடுத்துவிடுங்க ப்ளீஸ்!

அந்த லிஸ்ட்டைக் குடியிருப்பவருக்கும் கொடுங்கள். கூடவே ஓர் அனுமதியும்: "2,000 ரூபாய் வரைக்கும் ஆகுற அவசர ரிப்பேரை என்னைக் கேட்காமலே செஞ்சிடுங்க. பில்லை போட்டோ எடுத்து அனுப்புங்க, வாடகையில கழிச்சுக்கலாம்." இதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதலாம். இந்த ஒரு வரி இருந்திருந்தால், அக்கா வீட்டில் அன்று ராத்திரியே ஓர் எலெக்ட்ரீஷியன் வந்து அந்த லைனைத் துண்டித்திருப்பார்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்களை மட்டும் குடிவரும் அன்றே நேரில் காட்டிவிடுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீர் லைனை மூடும் வால்வு எங்கே. சுவரில் ஷாக் அடித்தால் முதலில் மெயினை ஆஃப் செய்ய வேண்டும், ஈரக் கையோடு இல்லை. மெயின் போர்டே நனைந்திருந்தால் அதைத் தொடவே கூடாது. மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-ஐக் கூப்பிட வேண்டும். கேஸ் வாசம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவைத்து, வெளியே வந்து 1906-க்கு அடிக்க வேண்டும். சென்னை மாநகராட்சிக்கு 1913. தீ விபத்து, ஆம்புலன்ஸ், போலீஸ் எல்லாவற்றுக்கும் 112. இதையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதி கிச்சன் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். போனில் அனுப்பினால் அது குட் மார்னிங் மெசேஜ்களுக்குக் கீழே போய்விடும்.

பழைய ஃபிளாட் என்றால் இன்னொரு செலவு. மின்கசிவு ஏற்பட்டால் தானாக கரன்ட்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்று பாருங்கள். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் போடுவார்கள். இல்லையென்றால் அடுத்த மாத வாடகையில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். உள்ளே ஒரு கைக்குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கலாம்.

எந்த ரிப்பேர் யாருடையது?

சண்டை பெரும்பாலும் இங்கேதான். மேலே சொன்ன அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இதற்குப் பட்டியலே இருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், டிரெயின் அடைப்பு, கீஸர், வாஷ் பேசின், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு.

தன் பங்கு ரிப்பேரை ஓனர் செய்யாமல் இழுத்தடித்தால், குடியிருப்பவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகை வரை கழிக்கலாம். ஆக, போனை எடுக்காமல் இருப்பதால் உங்கள் செலவு குறையப்போவதில்லை.

'என் வீடுதானே' என்று சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே போகவும் முடியாது. ரிப்பேர் பார்க்கப் போவதாக இருந்தாலும், 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

சரி, வாடகையே தராமல் போனால்? ஓனர்களின் பெரிய கெட்ட கனவு இது. தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது என்று சினிமா பாணியில் இறங்காதீர்கள். அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவது அதே சட்டப்படி தப்பு. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் போனால், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ரெண்டு மாத வாடகை பாக்கி சேர்ந்தால், நோட்டீஸ் கொடுத்து வாடகை நீதிமன்றத்தை அணுக வழி இருக்கிறது. ஆனால் அந்தக் கதவைத் தட்ட, எழுத்துபூர்வமான ஒப்பந்தமும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்த எண்ணும் கையில் இருப்பது முக்கியம். பதிவை ஆன்லைனிலேயே செய்யலாம். பதினோரு மாதத்துக்கு ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துவிட்டு 'அக்ரிமென்ட் இருக்கு' என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அவசரத்தில் வக்கீலிடம் ஓடுகிறார்கள்.

கேட்டுப் பாருங்கள், நிறைய நேரம் வாடகை வராததற்குக் காரணம் திமிர் இல்லை. அவருக்கும் வேலை போயிருக்கும். "ரெண்டு தவணையா கொடுங்க, ஆனா தேதியை நீங்களே சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்வது, முதல் மாதத்தில் கோர்ட்டைவிட நன்றாக வேலை செய்யும். மூன்றாவது மாதமும் அதே கதை என்றால் அது வேறு விஷயம்.

மழைக்கு முன்னாடி ஒரு நடை போயிட்டு வாங்க

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், கோட்டூர்புரம் பட்டபாடு எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் படகு போனது. அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. எங்கோ எப்போதோ நடப்பது என்று இனி சொல்ல முடியாது. வீடு வாங்கும் முன்பே, தெருமுனை டீக்கடையிலும் அயர்ன் கடையிலும் "2015-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சுண்ணா?" என்று கேளுங்கள். பில்டரின் பிரோஷரில் இல்லாத தகவல் அங்கே கிடைக்கும்.

வீடு ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், தண்ணீர் வரும் இடம்தான் என்றால், குடிவருபவரிடம் மறைக்காதீர்கள். "ஹெவி மழைனா தரைத்தளத்துல தண்ணி வரும், பைக்கை மேட்டுல போட்டுடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், வாடகை ஆயிரம் ரூபாய் குறையலாம். ஆனால் நடுராத்திரி சாபம் மிஞ்சும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பிக்கும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள். மொட்டை மாடி வடிகால் வாயில் காய்ந்த இலை அடைத்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா, மீட்டர் போர்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சம்ப் மூடி சரியாக மூடுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

தண்ணீர் அதிகமானால்தான் அவசரம் என்றும் இல்லை. 2019 கோடையில் சென்னையில் போர்வெல்கள் வற்றி, லாரித் தண்ணீருக்கு அடித்துப்பிடித்த நாள்கள் இருந்தன. லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீர்களா? பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டோம்.

இன்ஷூரன்ஸ்: வீட்டு விலைக்கு இல்லை, கட்டடத்துக்கு

நம்மில் பலர் பைக்குக்கு எடுக்கும் அக்கறையை வீட்டுக்கு எடுப்பதில்லை. 2021 ஏப்ரல் முதல், எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசி கிடைக்கிறது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடக்கம்.

இதில் காப்பீடு ஆவது கட்டடம்தான், நிலம் இல்லை. 800 சதுர அடி கார்ப்பெட் ஏரியா, சதுர அடிக்குக் கட்டுமானச் செலவு 2,200 ரூபாய் என்றால், காப்பீட்டுத் தொகை 17.6 லட்சம். ஃபிளாட் விலை 45 லட்சமாக இருந்தாலும் அவ்வளவுதான் தேவை. அதனால்தான் பிரீமியம், நாம் பயப்படும் அளவுக்கு வருவதில்லை.

வாடகைக்கு விடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு அம்சம் இதில் உண்டு. காப்பீட்டில் சொன்ன ஆபத்து ஒன்றால் வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால், அந்தக் காலத்தில் நீங்கள் இழக்கும் வாடகைக்கும் இழப்பீடு கேட்கலாம். குடியிருப்பவர் வாடகை தராமல் ஏமாற்றினால் அதற்குக் கிடைக்காது. நாள்பட்ட கசிவுக்கும், பராமரிக்காமல் விட்டதால் வந்த சேதத்துக்கும் நம்பி இருக்காதீர்கள். குடியிருப்பவரின் டிவி, ஃபிரிட்ஜும் உங்கள் பாலிசிக்குள் வராது. அவர் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். லோன் வாங்கியபோதே வங்கி ஒரு பாலிசியைச் சேர்த்துவிட்டிருக்கலாம். அது வீட்டுக்கான பாலிசியா, உங்கள் உயிருக்கான பாலிசியா, எந்த வருஷம் வரை என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ரெண்டும் வேறு வேறு.

கிளெய்ம் செய்யும்போது கேட்பது ஆதாரம். குடிவரும் அன்று ஒவ்வொரு ரூமையும் வீடியோ எடுத்து, குடியிருப்பவருக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள். சுவர், சீலிங், குழாய், மீட்டர் ரீடிங் எல்லாம் தெரியும்படி எடுங்கள். அட்வான்ஸில் பிடித்தம் பற்றிப் பேச்சு வரும் நாளிலும் அதே வீடியோதான் பஞ்சாயத்து செய்யும். பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, மின் இணைப்பு எண், பாலிசி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கிளவுடில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் அதைத் திறக்கத் தெரியும்படி வையுங்கள். 2015 வெள்ளத்தில் பத்திரமும் சான்றிதழ்களும் ஊறிப்போய், சிறப்பு முகாம்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

அக்கா கதைக்கு வருவோம். ஃபிளாட் ரெண்டரை மாதம் காலியாகக் கிடந்தது. செயினை மீட்க எட்டு மாதம் ஆனது. இப்போது குடியிருப்பவர்களிடம் மூன்று மாத அட்வான்ஸ்தான் வாங்கியிருக்கிறாள். அது டெபாசிட்டில் இருக்கிறது. போன செப்டம்பரில் கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறி வந்து, மொட்டை மாடி வரை ஏறிப் பார்த்துவிட்டு, வாட்ச்மேன் கையில் இருநூறு ரூபாயும் மேல் வீட்டு துபாய் ஓனரின் வாட்ஸ்அப் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனாள். நவம்பர் மழையில் ராத்திரி பத்து மணிக்கு மறுபடி போன் வந்தது. "மேடம், மோட்டார் ஓடல. நீங்க கொடுத்த நம்பருக்கே கூப்பிட்டுட்டோம், வந்து பார்த்துட்டு இருக்கார். கெப்பாசிட்டர்தானாம், பில்லு காலைல அனுப்புறேன்."

அக்கா போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சீரியலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாளாம்.